வளைய வேண்டியது விசைப்பலகைதான்

பெண்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளை எல்லாம் ஒரே சொல்லில் அடக்கிவிடலாம்: அட்ஜஸ்ட். புகுந்த வீட்டில் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள், பேருந்தில் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள், அலுவலகத்தில் மேலாளரின் பேச்சை அட்ஜஸ்ட் பண்ணிக்கொள். தட்டச்சு செய்து கை வலிக்கிறது என்று சொல்கிறவளுக்கும் இதே மருந்துதான். தைலம் தேய்த்துக்கொள், கையில் பட்டை கட்டிக்கொள், நாற்காலியில் தலையணை வைத்துக்கொள். எல்லாம் அவள் செய்துகொள்ள வேண்டியவை. மேசைமேல் கிடக்கும் அந்த விசைப்பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று கொண்டுவருகிறேன் என்று எந்த முதலாளியும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் 14 ஆண்டுகளாக டி.டி.பி. வேலை செய்கிறேன். எழுத்தாளர்கள் கையால் எழுதித் தரும் பிரதிகள், பழைய நூல்களின் மறுபதிப்புகள், ஆய்வேடுகள் என்று பக்கக் கணக்கில் தட்டச்சு செய்து தருவது பிழைப்பு. இந்தக் கட்டுரையை எனக்காக நானே வடிவமைத்த விசைப்பலகையில் எழுதுகிறேன். அது நடுவில் இரண்டாகப் பிரிந்தது. என் விரல்களின் நீளத்துக்கு ஏற்ப விசைகள் ஏறியும் இறங்கியும் நிற்பது. அதை எப்படிச் செய்தேன் என்று சொல்வேன். ஆனால் அதைவிட முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வலியை வலிக்கிறவளின் குறையாகவே பேசிப் பேசி, கருவியைச் செய்தவர்களையும் அதை வாங்கித் தந்தவர்களையும் கேள்வியே கேட்காமல் விட்டுவிட்டோம்.

கதிர் அறுக்கப் போகிற பெண் தன் அரிவாளை யாருக்கும் எளிதில் தர மாட்டாள். பிடி தடித்திருந்தால் சீவிக்கொள்வாள், மெலிந்திருந்தால் துணி சுற்றிக்கொள்வாள், வளைவு சரியில்லை என்றால் கொல்லுப் பட்டறையில் சொல்லித் திருத்தி வாங்குவாள். அவளை யாரும் 'ரொம்ப அலட்டிக்கிறா' என்று சொல்வதில்லை. கை ஓட வேண்டுமானால் கருவி கைக்குப் பொருந்த வேண்டும் என்பது வயலில் எல்லோருக்கும் தெரியும். குளிரூட்டிய அறைக்குள் வந்ததும் அந்த அறிவு எங்கே போகிறது?

நம் மேசையில் இருக்கும் விசைப்பலகையின் உருவம் 1870களில் அமெரிக்காவில் முடிவானது. கிறிஸ்டோபர் லாதம் ஷோல்ஸும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய தட்டச்சு இயந்திரத்தை ரெமிங்டன் நிறுவனம் 1874இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. துப்பாக்கியும் தையல் இயந்திரமும் செய்துகொண்டிருந்த நிறுவனம் அது. முதல் தட்டச்சு இயந்திரமும் தையல் இயந்திரத்தின் சாயலிலேயே வந்தது: கீழே தையல் மேசை போன்ற தாங்கி, உடம்பெல்லாம் பூ வேலைப்பாடு, ஒரு வரி முடிந்ததும் உருளையைத் திருப்பிக் கொண்டுவரக் காலால் மிதிக்கும் பலகை. ஷோல்ஸின் மகள் லில்லியன் அந்த இயந்திரத்தின் முன்னால் அமர்ந்திருக்கும் படம் தட்டச்சு வரலாற்றைப் பேசும் இடமெல்லாம் வருகிறது. அடுத்த சில பத்தாண்டுகளில் ஆண் குமாஸ்தாக்களைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் பெண்கள் அந்த நாற்காலியில் அமர்த்தப்பட்டார்கள். ஆங்கிலத்தில் 'டைப்ரைட்டர்' என்ற சொல் அப்போது இயந்திரத்தையும் குறித்தது, அதில் வேலை செய்த பெண்ணையும் குறித்தது. மனுஷிக்கும் இரும்புக்கும் ஒரே பெயர்.

உங்கள் விசைப்பலகையைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். ஒவ்வொரு வரிசையும் தனக்கு மேலே உள்ள வரிசையைவிடச் சற்று வலப்புறம் தள்ளி நிற்கும். பழைய இயந்திரத்தில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஓர் இரும்பு நெம்புகோல் இருந்தது. அவை ஒன்றன்மேல் ஒன்று இடிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் போவதற்காகத்தான் வரிசைகளைத் தள்ளி வைத்தார்கள். இன்றைய விசைப்பலகைக்குள் நெம்புகோல் ஒன்றுகூடக் கிடையாது. செத்துப்போன இரும்புக்காக இன்னும் நம் விரல்கள் கோணலாகப் போய்வந்துகொண்டிருக்கின்றன.

கைகளைத் தளர்வாகத் தொங்கவிட்டு முழங்கையை மட்டும் மடக்கிப் பாருங்கள். முன்கைகள் தோள் அகலத்துக்கு விலகி நிற்கும். உள்ளங்கைகள் ஏறக்குறைய ஒன்றையொன்று பார்க்கும். மணிக்கட்டு நேராக இருக்கும். இந்தக் கையைத் தட்டையான விசைப்பலகை மூன்று விதமாக முறுக்குகிறது. முதலில், இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே ஒடுக்குகிறது. விரல்கள் விசைகளின் மேல் நேராக விழ வேண்டும் என்பதற்காக மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக ஒடிகிறது. இரண்டாவது, உள்ளங்கை முழுவதும் தரையைப் பார்க்கும்படி முன்கையைப் புரட்டுகிறது. மூன்றாவது, பின்பக்கம் இருக்கும் இரண்டு குட்டிக் கால்களை நிமிர்த்தி வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கியும் மடங்குகிறது. அந்தக் கால்களை இப்போதே மடக்கிவிடுங்கள். காசில்லாமல் செய்யக்கூடிய முதல் காரியம் அதுதான்.

விசைக்கும் விசைக்கும் நடுவே உள்ள தூரம் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் என்பது உலக வழக்கம். ஆறடி ஆணுக்கும் அதேதான், ஐந்தடிகூட இல்லாத எனக்கும் அதேதான். வலப்பக்கம் எண் விசைகள் வேறு. அவற்றைத் தாண்டித்தான் மவுஸ். தோள் குறுகியவள் ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் கையை நீட்ட வேண்டும். உடலிலேயே மெலிந்த விரலான சுண்டுவிரலுக்கு ஷிஃப்ட், என்டர், அழிப்பு என்று கனமான வேலைகள். வலுவான கட்டைவிரல்கள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஓர் இடைவெளி விசை. வேலைப் பங்கீட்டின் லட்சணம் நம் வீடுகளில் பார்க்காததா!

நாற்காலியும் மேசையும் கூட எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தமிழ்நாட்டு அரசு 2011இல் மாணவர்களுக்கு மடிக்கணினி தரத் தொடங்கியது. எத்தனையோ பெண்பிள்ளைகள் கையில் முதல் கணினியைத் தந்த நல்ல திட்டம் அது. ஆனால் வீட்டில் இருந்த ஒரே மேசை அண்ணனுக்கோ தம்பிக்கோ போனது. அவள் தரையில் சுவரோடு சாய்ந்து, மடியில் வைத்து, கழுத்தைக் குனித்து ஆய்வேடு எழுதினாள். அவள் கையில் வந்த வலிக்கு மருத்துவப் பெயர் தேடுவதற்கு முன்னால் அந்த மேசை யாருக்குப் போனது என்று கேட்க வேண்டும்.

மணிக்கட்டுக்குள் ஒரு குறுகிய பாதை இருக்கிறது. எலும்புகளும் ஒரு தசைநார்ப் பட்டையும் சேர்ந்து அதன் சுவர். விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதன் வழியே போகின்றன. மணிக்கட்டு மடங்கியபடியே இருந்தால் உள்ளே அழுத்தம் கூடும். நரம்பு நசுங்கினால் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், பாதி மோதிரவிரல் மரத்துப்போகும். இரவில் கையை உதறிக்கொண்டு எழுந்து உட்கார வைக்கும். இதைத்தான் கார்ப்பல் டன்னல் என்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. கர்ப்பம், தைராய்டு, நீரிழிவு எல்லாம் வாய்ப்பைக் கூட்டும். தட்டச்சு மட்டுமே இதற்குக் காரணமா என்பதில் மருத்துவ ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை. அதை மறைக்க எனக்குத் தேவையில்லை. ஆனால் அந்த ஒருமிப்பு இல்லாமையை நிர்வாகங்கள் எப்படிப் பயன்படுத்துகின்றன என்பதுதான் என் கேள்வி. காரணம் நிச்சயமில்லை என்றால் எச்சரிக்கையாக இருப்போம் என்று அவர்கள் முடிவெடுப்பதில்லை. காரணம் நிச்சயமில்லை என்றால் காரணம் அவள்தான் என்று முடிவெடுக்கிறார்கள்.

1980களில் ஆஸ்திரேலியாவில் இது பெரிய அளவில் நடந்தது. தட்டச்சர்கள், தொலைபேசி இயக்குநர்கள், கணினியில் தரவு பதிவோர் என ஆயிரக்கணக்கானோர் கைவலியால் இழப்பீடு கேட்டு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மின்னணு விசைப்பலகைகள் அலுவலகங்களுக்குள் நுழைந்திருந்த காலம். உருளையைத் தள்ளுவது, தாளை மாற்றுவது என்று பழைய இயந்திரம் தந்த சின்னச் சின்ன இடைவெளிகள் மறைந்து, வேகத்தைக் கணினியே எண்ணத் தொடங்கியிருந்தது. தொழிற்சங்கங்கள் வேலைமுறையை மாற்றச் சொல்லிப் போராடின. மறுபக்கத்தில், இது ஹிஸ்டீரியா, கூட்டு மனப்பிராந்தி என்று எழுதிய மருத்துவர்கள் இருந்தார்கள். 'கங்காரு பாதம்' என்று ஊரே கேலிப் பெயர் வைத்தது. ஹிஸ்டீரியா என்ற சொல்லே கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கை வலிக்கிறது என்று சொன்ன பெண்ணிடம், உன் கருப்பையைப் பார்த்துக்கொள் என்று சொல்வதற்கு இருபதாம் நூற்றாண்டின் கடைசியிலும் ஆள் இருந்தார்கள்.

நம் ஊர் மருத்துவம் இவ்வளவு சுற்றி வளைக்காது. விரல்கள் மரத்துப்போய் நான் போன இடத்தில் முதலில் கேட்ட கேள்வி, "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" அடுத்தது, "வீட்டு வேலை ஜாஸ்தியா?" ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் அடிக்கிறேன் என்று கேட்கவே இல்லை. இரண்டாவது கேள்வியில் நியாயம் இருக்கிறது. மாவு பிசைவது, துணி பிழிவது, தேங்காய் துருவுவது எல்லாம் இதே மணிக்கட்டு செய்கிற வேலைதான். கூலி உள்ள வேலைக்கு ஒரு கை, கூலியில்லாத வேலைக்கு ஒரு கை என்று யாருக்கும் படைக்கப்படவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் வந்த அறிவுரை, "கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்பதோடு நின்றது. நான் ஓய்வெடுக்கும்போது யார் துணி பிழிவார் என்பது சீட்டில் எழுதப்படவில்லை. நான் முன்பு வேலை பார்த்த அச்சகத்தில் சொன்னபோதும் இதே கதைதான். "எல்லாருக்கும் இதே கீபோர்டுதானே, உனக்கு மட்டும் ஏன் வலிக்குது?" என்றார்கள். எல்லோருக்கும் ஒரே அளவில் செருப்பு வாங்கிப் போட்டுவிட்டு உனக்கு மட்டும் ஏன் கடிக்கிறது என்று கேட்பது போல.

பிரிந்த விசைப்பலகை என்பது நேற்று யாரோ பொழுதுபோகாமல் கண்டுபிடித்ததும் இல்லை. ஜெர்மனியில் கிளாக்கன்பெர்க் 1926லேயே விசைப்பலகையை இரண்டாகப் பிரித்துச் சாய்த்து வைக்க வேண்டும் என்று எழுதினார். 1972இல் குரோமர் அதைச் சோதித்துக் காட்டினார். 1970களில் இங்கிலாந்தில் லில்லியன் மால்ட் என்ற பெண், ஸ்டீபன் ஹாப்டே என்ற பொறியாளரோடு சேர்ந்து மால்ட்ரான் என்ற விசைப்பலகையை உருவாக்கினார். மால்ட் தட்டச்சு கற்றுத்தந்தவர். எந்த விரல் எங்கே திணறுகிறது என்பதைப் பிறர் கைகளைப் பார்த்துப் பார்த்தே அறிந்தவர். விரல்களின் நீளத்துக்கு ஏற்ப விசைகளைக் குழிவான பரப்பில் வைத்தார். கட்டைவிரல்களுக்கு என்று தனியே விசைக் கூட்டங்கள் தந்தார். ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் 'இ' எழுத்தைத் தூக்கிக் கட்டைவிரலிடம் கொடுத்தார். தட்டச்சு வரலாற்றில் இரண்டு லில்லியன்கள். இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவரின் படம் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. இயந்திரத்தை மாற்றியவரின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

ஆக, அறிவு இருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்து காட்டப்பட்ட பொருளும் இருந்தது. தட்டச்சரின் நாற்காலிக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. ஒரு தட்டச்சரை மாற்றுவது ஒரு விசைப்பலகையை மாற்றுவதைவிட மலிவு என்பதே காரணம்.

என் விசைப்பலகைக்கு வருகிறேன். முதல் வேலைக்குத் தேவைப்பட்டவை ஒரு வெள்ளைத்தாளும் ஒரு பென்சிலும். கையைத் தளர்வாகத் தாளில் வைத்து ஐந்து விரல் நுனிகளையும் குறித்தேன். ஒவ்வொரு விரலையும் நீட்டியும் மடக்கியும் அது போய்வரும் பாதையைக் கோடாக்கினேன். நடுவிரல் எல்லாவற்றையும்விட மேலே நின்றது. சுண்டுவிரல் அதிலிருந்து ஒரு விசை உயரத்துக்கு மேல் இறங்கிக் கிடந்தது. இந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே விசைகளின் நெடுவரிசைகளாக்கினால் விரல் நேர்க்கோட்டில் மேலும் கீழும் போனால் போதும். பழைய காலண்டர் அட்டையை வெட்டி, விசை மூடிகளை ஒட்டி, ஒரு வாரம் அதன்மேல் வெறுமனே தட்டிப் பார்த்தேன். எட்டாத விசையை நகர்த்தினேன். மறுபடி வெட்டினேன். என் கைக்குப் பக்கவாட்டில் 18, மேல்கீழாக 17 மில்லிமீட்டர் இடைவெளி பொருந்தியது. உயரம் குறைந்த சுவிட்சுகளில் வழக்கமாக உள்ள அளவுதான் அது.

இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைக்கப்பட்ட வடிவமைப்புகள் நிறைய உண்டு. ஜப்பானில் உருவான கார்ன் 42 விசைகள் கொண்டது, லிலி58இல் 58 விசைகள். நான் கார்னிலிருந்து தொடங்கினேன். அங்கேதான் தமிழ் இடித்தது. தமிழ்99 முறையில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் இருக்கும். நன்றாக யோசித்துச் செய்த முறை அது. ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதல் மெய்க்குத் தானாகவே புள்ளி விழும். ஆனால் அதுவும் ஆங்கில விசைப்பலகையின் மேல்தான் உட்கார வேண்டியிருந்தது. அதன் விளைவாக ண, ச, ஞ, ந, ய, ழ என்று ஆறு மெய்கள் வலது சுண்டுவிரல் ஒன்றின் தலையில் விழுந்தன. ஆங்கிலத்தில் நிறுத்தக்குறிகளும் அடைப்புக்குறிகளும் இருக்கும் மூலை அது. அவர்களுக்கு எப்போதாவது தேவைப்படும் இடம். நமக்கோ சகரமும் நகரமும் யகரமும் இல்லாமல் ஒரு வாக்கியம் நகராது. கார்ன் போன்ற சிறிய பலகையில் அந்த மூலையே வெட்டப்பட்டிருக்கும். ஞகரத்துக்கு இடமில்லை, சகரத்தின் இடத்தில் வழக்கமாக அழிப்பு விசை இருக்கும்.

வேறு ஊர்க்காரர்களின் விரல் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பது அப்போது தெளிவானது. லில்லியன் மால்ட் 'இ'யைக் கட்டைவிரலுக்குத் தந்தார் அல்லவா, நான் யகரத்தையும் சகரத்தையும் வலது கட்டைவிரலுக்குத் தந்தேன். ஞகரம் வெளி நெடுவரிசையின் உச்சிக்குப் போனது. அழிப்பும் இடைவெளியும் இடது கட்டைவிரலிடம் வந்தன. எண்களுக்குத் தனி வரிசை இல்லை. ஒரு கட்டைவிரல் விசையை அழுத்திக்கொண்டால் எழுத்து விசைகளே எண்களாகும். கியூ.எம்.கே. என்ற கட்டற்ற மென்பொருளில் எந்த விசை எதை அனுப்ப வேண்டும் என்று நாமே எழுதிவிடலாம். கணினிக்கு இது சாதாரண விசைப்பலகையாகவே தெரியும். ஆகவே அதில் ஏற்கெனவே இருக்கும் தமிழ்99 எழுதுமென்பொருளை மாற்றத் தேவையில்லை.

சர்க்யூட் போர்டு வரைபடத்தை அனுப்பிச் செய்து வாங்கினேன். குறைந்தது ஐந்துதான் தருவோம் என்றார்கள். ஒரு விசைப்பலகைக்கு இரண்டு போதும். சுவிட்ச் ஒன்றுக்கு ஒரு டையோடு வீதம் 42 டையோடுகள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு கட்டுப்பாட்டுச் சில்லுகள், இரண்டு பாதிகளையும் இணைக்க ஒரு கம்பி. கணினியில் செருகியிருக்கும்போது அந்த இணைப்புக் கம்பியைக் கழற்றக் கூடாது, ஷார்ட் ஆகிவிடும். இதை மட்டும் மறக்காதீர்கள். சில பொருள்களுக்காகச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு கடையில் சால்டரிங் இரும்பைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "சாருக்கு எந்த வாட் வேணும்னு போன் போட்டுக் கேளுங்க மேடம்" என்றார் கடைக்காரர். சார் யாரும் இல்லை, எனக்குத்தான் என்றேன். நன்றாகத்தான் விளக்கிக் கொடுத்தார். கோலம் போட்டுப் பழகிய கைக்கு 42 டையோடுகளைச் சால்டர் வைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உட்பக்கம் உயர்ந்து கை சற்றுச் சாய்ந்து நிற்பதற்காகத் தச்சரிடம் ஆப்பு வடிவில் இரண்டு மரத்துண்டுகள் வாங்கி அடியில் வைத்தேன். இரண்டு பாதிகளும் என் தோள் அகலத்தில் விலகி நிற்கின்றன. நடுவில் கைப்பிரதியை வைத்துக்கொள்கிறேன். கழுத்தைத் திருப்பும் வேலையும் போயிற்று.

சுவிட்சுகளின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு புத்தகப் பக்கத்தில் 200 சொற்கள், சொல்லுக்குச் சராசரியாகப் பத்துத் தட்டு என்று வைத்தால் பக்கத்துக்கு 2,000 தட்டு. நாளைக்கு 25 பக்கம் என்றால் 50,000. ஒரு விசையை அமுக்க 60 கிராம் தேவைப்பட்டால் நாள் முழுவதும் விரல்கள் தள்ளுவது 3,000 கிலோ. நான் 35 கிராம் சுவிட்ச் போட்டேன். அதே வேலைக்கு 1,750 கிலோ. மூன்று டன்னைத் தூக்கிவிட்டு வருகிறவளைப் பார்த்துத்தான் 'ஏசி ரூம்ல உக்காந்து செய்ற வேலை' என்கிறார்கள்.

செலவு மொத்தம் 11,000 ரூபாய் ஆனது. முதல் இரண்டு வாரம் வேகம் பாதியாகக் குறைந்தது. பக்கக் கூலிக்காரிக்கு வேகம் பாதி என்றால் வருமானம் பாதி. ஒன்றரை மாதத்தில் பழைய வேகம் திரும்பியது. இரவில் கை மரத்து எழுவது சில மாதங்களில் நின்றது. அந்த மாதங்களில் துணி பிழிவதும் மாவு பிசைவதும் என் கணவரின் வேலையாக மாறின. ஆகவே எல்லாப் புகழையும் விசைப்பலகைக்கே எழுதித் தர மாட்டேன். இரண்டும் சேர்ந்துதான் கையைக் காப்பாற்றின.

இதைப் படித்துவிட்டு, 'இது வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு, உழைக்கும் பெண்ணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கும் தோழியர் இருப்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். விசைப்பலகை உலகம் இன்று பெரும்பாலும் சம்பாதிக்கும் இளைஞர்களின் சேகரிப்பு உலகமாக இருக்கிறது. நாள் முழுவதும் தட்டச்சு செய்கிறவள் அங்கே கண்ணில் படுவதே இல்லை. கைவலிக்குத் தீர்வு கடையில் இருக்கிறது, காசு இருந்தால் வாங்கிக்கொள் என்பதும் அட்ஜஸ்ட் என்பதன் விலையுயர்ந்த பதிப்புதான். எல்லோரும் சால்டரிங் இரும்பு பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சேலையைத் தைத்துக்கொள்ளத் தெரிந்தவள் என்பதற்காகச் சீருடைக்கான காசை முதலாளி தராமல் இருக்கலாமா? கருவி வேலைக்கு உரியது. அதன் செலவு வேலை வாங்குகிறவருக்கு உரியது. அந்த 11,000 ரூபாயும் பாதி வருமானத்தில் ஓட்டிய நாள்களும் என் தலையில் விழுந்தது எனக்குக் கிடைத்த விடுதலை ஆகாது. வசூலிக்க வேண்டிய பாக்கி அது.

மீதமிருந்த போர்டுகளில் இரண்டைக் கொண்டு, என்னோடு வேலை செய்யும் அக்காவுக்கு ஒன்று கட்டினேன். அவர் விரல்கள் என்னுடையதைவிட நீளம். பலகை அவருக்கு முழுதாகப் பொருந்தவில்லை. "உன் கைக்கு வெட்டின சட்டை, எனக்கு இறுக்கத்தான் செய்யும்" என்றார். அவருக்காக வேறு அளவில் மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன். பெண்ணுடல் என்று ஒரே உடல் இருப்பதாக நினைத்து 'லேடீஸ் சைஸ்' என்று இளஞ்சிவப்பில் ஒன்று செய்து விற்றாலும் இந்தப் பிரச்சினை தீராது.

அதனால் கேட்க வேண்டியவற்றைக் கூட்டாகக் கேட்போம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை 29 தொழில் நோய்களைப் பட்டியலிட்டது. ஈயமும் பாதரசமும் அதில் உண்டு. திரும்பத் திரும்ப ஒரே அசைவைச் செய்வதால் கை கெடுவது அதில் இல்லை. மருத்துவக் குறியீட்டு நிறுவனங்களில், நீதிமன்ற வாசல் ஜாப் டைப்பிங் கடைகளில், அச்சகங்களில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் கைவலி தொழில் நோய் என்று சட்டத்தில் ஏற வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நியாயமான தகவமைப்பு என்ற சொல்லை நமக்குத் தந்திருக்கிறது. கை முழுதாகக் கெட்ட பிறகு அதைப் பயன்படுத்துவதைவிடக் கெடும் முன்பே அந்தச் சொல்லைப் பேசத் தொடங்கலாம். லோயர், ஹையர் என்று ஊர் ஊராகப் பெண்பிள்ளைகள் தட்டச்சுத் தேர்வு எழுதுகிறார்கள். வேகத்துக்கும் பிழையின்மைக்கும் மதிப்பெண் போடும் அந்தப் பயிற்சியில், மணிக்கட்டை எப்படிக் காப்பது என்பதும் பாடமாக வேண்டும். மாணவியரே, உங்கள் கல்லூரிக் கணினி அறையில் ஒரே ஒரு பிரிந்த விசைப்பலகையாவது வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். மறுத்தால் அதற்கான காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

பெண்ணிய நூல்களை வெளியிடும் நம் பதிப்பகங்களிடமும் எனக்குக் கோரிக்கை உண்டு. பெண்ணின் உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை என்று நூறு பக்கம் எழுதிய புத்தகத்தை ஒரு பெண்தான் தட்டச்சு செய்திருப்பாள். அவள் பெயரை முதல் பக்கங்களில் போடுங்கள். பக்கக் கூலியை உயர்த்துங்கள். 'நாளைக்கே வேண்டும்' என்று கேட்பதற்கு முன் 50,000 தட்டு என்ற கணக்கை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் எந்த விசைப்பலகையில் வேலை செய்கிறாள் என்று போய்ப் பாருங்கள். கை வலிக்கிறதா என்று கேளுங்கள். வலிக்கிறது என்று அவள் சொன்னால், அதை மாற்றித் தரும் செலவைப் புத்தகத்தின் அடக்கவிலையில் காகிதத்துக்கும் மைக்கும் பக்கத்தில் எழுதுங்கள்.